மஞ்சள் வைத்த சேலை

கொழிஞ்சாம்பாறை
4 ஜனவரி 2025

லிஜி,

கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றும். பார்சலைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கிழி. நீ என்னைப் போனில் பிளாக் செய்து பதினோரு மாதம் ஆகிறது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். காலேஜில் பரீட்சை எழுதிய பிறகு இவ்வளவு நேரம் நான் பேனா பிடித்ததே இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி அடிமாலியில் புதிதாகக் கிளை திறக்கிறது. அங்கே நோயாளிகளிடம் பேச ஒரு பி.ஆர்.ஓ. வேண்டும், தமிழும் மலையாளமும் தெரிந்தவராக. நீ விண்ணப்பித்திருக்கிறாய் என்பது அழைப்புப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 23ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணி, பாலக்காட்டில். அழைப்பு உனக்கு வந்திருக்கும்.

போன வருஷம் இருந்த ஹெச்.ஆர். போய்விட்டார். இப்போது புது மேடம். பளபளப்பு அவருக்குப் பிடிக்காது. கல் வைத்த துப்பட்டா, சரிகை, டக் டக் என்று சத்தம் போடும் செருப்பு எதுவும் ஆகாது. பூவும் வேண்டாம். கழுத்துச் சிலுவையைக் கழற்றாதே, அது உறுத்தாது. தலையை இறுக்கிப் பின்னிக்கொள், உன் முன்னுச்சி முடி எப்படியும் பிய்த்துக்கொண்டு நிற்கும்.

பார்சலில் ஒரு காட்டன் சேலை இருக்கிறது. சாம்பல் நிறம், அரக்குக் கரை. ஜாக்கெட் துணியை வெட்டி, ஹாஸ்டலில் நாம் தைத்துக்கொண்ட உன் பழைய அளவுக்கே தைக்கச் சொல்லியிருக்கிறேன். உடம்பு போட்டிருந்தால் உள்தையலைப் பிரித்துக்கொள். அதைக் கட்டிக்கொண்டு போ. இதில் எனக்கு எந்த உள்நோக்கமும் இல்லை.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தமிழ்ப்ரியா


சின்னக்கானல்
8 ஜனவரி 2025

தமிழ்ப்ரியா அவர்களுக்கு,

உள்நோக்கம் இல்லை என்று ஒருத்தி தானாக எழுதினால்தான் எனக்கு உள்நோக்கம் கண்ணில் படும்.

பார்சல் நேற்று வந்தது. சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, சேலையை விரித்ததும் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி லிஜி, இது என்னட்டி மஞ்சளா ஒரு திட்டு? உடுத்துன சேலையா? இல்ல எவளும் மந்திரிச்சு அனுப்பிருக்காளா?" என்றாள். அடுத்த நிமிஷம் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து தீர்த்த பாட்டிலை எடுத்துவந்து தெளித்துவிட்டாள். என் அம்மா மதலேனம்மாள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் பங்குச் சாமியாரே வந்தாலும் மாற்ற முடியாது. ராத்திரி முழுக்க உன் சேலை வெளியே விறகு அடுக்கின் மேல் கிடந்தது.

மந்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம் உன்னோடு ஒரே அறையில் கிடந்தவள் நான். புதுத்துணி வந்தால் உங்கள் வீட்டில் சாமி முன்னால் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பார்கள். யார் கட்டப்போகிறார்களோ அவர்களுக்காக வைப்பார்கள். நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் இதற்கு மஞ்சள் வைத்தது யார்? உன் அம்மாவா? நான் உங்கள் வீட்டுக்கு வந்த அன்று எல்லாருக்கும் டம்ளரில் காப்பி கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுத்தாரே, அந்தச் சுப்பாத்தாள் அம்மாவா எனக்காகச் சேலைக்கு மஞ்சள் வைப்பார்? ஆகவே இது உனக்கு எடுத்த சேலை. உனக்குப் பிடிக்கவில்லை, அல்லது ராசியில்லை. அதை என் தலையில் கட்டுகிறாய்.

போன பிப்ரவரியை மறந்துவிட்டாயா? முந்தின நாள் சாயங்காலம் போனில் என்ன சொன்னாய்? "சுடிதாரே போதும்டி, நானும் சுடிதார்தான்" என்றாய். என்னிடம் நன்றாக இருந்தது கிறிஸ்மஸுக்கு எடுத்த ரோஸ் சுடிதார் ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால், நீ பச்சைப் பட்டுக்கரைச் சேலையில், பைலை மார்பில் அணைத்துக்கொண்டு டீச்சர் மாதிரி இறங்குகிறாய். நாம் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். அந்தச் செக்யூரிட்டி உன்னைப் பார்த்துக் கதவைத் திறந்தான், என்னைப் பார்த்து "கூடெ வந்நவர் புறத்து இரிக்கணும்" என்றான். துணைக்கு வந்தவள் வெளியே உட்காரணுமாம்! நீ வாய் திறப்பதற்குள் நான் மூன்று படி இறங்கிவிட்டேன். அப்புறம் உள்ளே போய்த் திக்கித் திணறி என்ன பேசினேன் என்பது எனக்கே தெரியாது. வேலை உனக்குக் கிடைத்தது. பஸ்ஸில் வரும்போதே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, போனில் சார்ஜ் இல்லை என்றாய்.

இப்போது எனக்கு விளையாட நேரமில்லை. பிப்ரவரி 28ஆம் தேதியோடு அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, எஸ்டேட் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அவளுக்குப் பதில் ஆள் யார் என்று அந்த மாதம் 15ஆம் தேதிக்குள், ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் ஆபீஸில் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. என் பெயரைக் கொடுத்தால் மார்ச் ஒன்றாம் தேதி முதல் நான் கூடையோடு மலையில் நிற்பேன், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு எங்களிடம் இருக்கும். கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை, அதில்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். ஆனால் எனக்கு அது வேண்டாம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அதனால் கேட்கிறேன். எனக்கு ஏன் உதவுகிறாய்? ஆள் ஏற்கெனவே முடிவாகிவிட்டதா, கணக்குக் காட்ட நாலு பேரைக் கூப்பிடுகிறார்களா? வாயால் நீ சொல்லும் எதையும் இனி நான் கேட்பதாக இல்லை. எழுதிக் கொடு. எழுத்தில் இருந்தால் பின்னால் மாற்ற முடியாது.

லிஜி


கொழிஞ்சாம்பாறை
11 ஜனவரி 2025

லிஜி,

'அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறாய். மூன்று வருஷம் என் சீப்பில் தலை வாரியவள் நீ. சரி, போட்டுக்கொள்.

ஆள் முடிவாகவில்லை. எனக்குத் தெரிந்து இல்லை. அடிமாலிக்கு எஸ்டேட் ஜனங்கள்தான் அதிகம் வருவார்கள் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுகிற ஆளைத் தேடுகிறார்கள். எல்லாரும் தமிழ் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார்கள், பேசினால்தான் தெரியும் யாருக்குத் தெரியும் என்று. உனக்கு வாய்ப்பு இருக்கிறது.

மஞ்சள் நான் வைத்தது. அம்மா இல்லை. உனக்கு நல்லது நடக்கட்டும் என்று தோன்றியது, வைத்தேன். இதில் ஆராய்ச்சி பண்ண ஒன்றும் இல்லை.

பேப்பர் கப் விஷயத்தை நீ இத்தனை நாள் என்னிடம் கேட்டதே இல்லை. கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி முறுக்குத் தட்டை உன் பக்கம் தள்ளினேன். அம்மாவிடம் அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

போன் சார்ஜ் பற்றி முன்னமே சொல்லிவிட்டேன். திரும்பத் திரும்ப ஏன் கிளறுகிறாய்?

சேலையைக் கட்டிப் பார். உன் நிறத்துக்கு நன்றாக இருக்கும். மடிப்பை நிறைய பின் குத்தி அடக்காதே, உட்காரும்போது இழுக்கும். எலப்புள்ளியில் உன் சித்தி வீட்டில்தானே தங்குவாய்? அங்கேயே இஸ்திரி போட்டுக்கொள். 23ஆம் தேதி எனக்கு லீவு. ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டேன், பெரியப்பா வீட்டில் ஒரு காரியம் இருக்கிறது. என்னைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும், கோபத்தோடு உள்ளே போக வேண்டாம். அதனாலும்தான் லீவு.

தமிழ்


சின்னக்கானல்
16 ஜனவரி 2025

தமிழ்ப்ரியா,

யானை இறங்கி இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது.

லீவு என்று ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். இரண்டு தடவை எழுதியிருக்கிறாய்.

சேலையைக் கட்டிப் பார்த்தேன். அம்மா தள்ளி நின்று பார்த்தாள். பக்கத்து லயத்துச் சித்ரா அக்கா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர், ஆபீசர்களைப் பார்த்துப் பழகியவர். "சேலைதான் மரியாதை" என்றார். அவர் வீட்டுக்காரர் பொன்ராஜ் அண்ணன், "இந்தக் காலத்துல யாரும்மா சேலையில போறா, சுடிதார்ல போ, சுறுசுறுப்பா இருக்கும்" என்றார். புருஷனும் பெண்சாதியும் அதற்கே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. ஜாக்கெட் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. இவ்வளவு பாடுபட்டு நீ எதை மறைக்கிறாய்?

நான் என்ன உடுத்தப்போகிறேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன். இந்தத் தடவை நானே என் கண்ணால் பார்த்து முடிவு செய்துகொள்வேன்.

லிஜி


சின்னக்கானல்
25 ஜனவரி 2025

தமிழ்ப்ரியா,

நீ எழுதுவாய் என்று காத்திருக்கப் பிடிக்கவில்லை. நான் பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

உன் பேச்சையும் கேட்க வேண்டாம், சித்ரா அக்கா பேச்சையும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு சாதாரணப் பழுப்புச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, உன் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எலப்புள்ளியிலிருந்து முதல் பஸ். எட்டேகாலுக்கே ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். வருகிறவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று பார்ப்பது, சேலைக்காரிகள் அதிகமென்றால் ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு ஓடிப்போய் மாற்றிக்கொள்வது. அதுதான் என் திட்டம். சிரிக்காதே.

முதலில் ஒருத்தி சுடிதாரும் மேலே கோட்டுமாக வந்தாள். அடுத்தவள் சேலை. அப்புறம் ஒருவன், சட்டையில் கடை ஸ்டிக்கரைக்கூடப் பிரிக்காமல் வந்தான். மூன்று பேர் மூன்று விதம். இதை வைத்துக்கொண்டு நான் என்னத்தை முடிவு செய்வது? நாலாவது ஆள் வரட்டும் என்று இன்னொரு டீ சொன்னேன்.

நாலாவதாக ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டிவந்தது நீ!

பெரியப்பா வீட்டுக் காரியம் இதுதானா? பின்னால் உட்கார்ந்திருந்தது உன் பெரியப்பா குப்பண்ணன் மகள் செல்வப்பிரியா. அவள் கட்டியிருந்தது சாம்பல் காட்டன், அரக்குக் கரை. நான் பையைத் திறந்து பார்த்தேன். மறுபடி ரோட்டைப் பார்த்தேன். அதே சேலைதான், நூல் பிசகாமல். நீ ரோட்டிலேயே குனிந்து உட்கார்ந்து அவளுடைய கொசுவத்தை நீவிவிட்டாய். எழுந்து தோளில் தட்டி உள்ளே அனுப்பினாய். டீயைக் குடிக்காமலே காசைக் கொடுத்தேன். போன தடவை என்னைத் துணைக்கு வந்தவளாக நிறுத்தினாய். இந்தத் தடவை உன் வீட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரிச் சேலையில் உட்காரவைத்து வேடிக்கை காட்டப் பார்த்தாய் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சுடிதாரோடேயே உள்ளே போனேன். ஐந்து மணி நேரப் பஸ்ஸையும் பார்த்த சுடிதார் அது, முந்தின நாள் மூணாறிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி என்று வந்தபோது போட்டிருந்ததும் அதேதான். இடுப்பெல்லாம் கசங்கல். மேடம் முதலில் கேட்டதே, "அந்தப் பையில் என்ன?" என்றுதான். வெடிகுண்டு மாதிரி அணைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பொய் சொல்ல எனக்கு அப்போது தெம்பில்லை. "சேலை மேடம். மற்றவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தேன்" என்றேன் மலையாளத்தில். "அப்புறம் ஏன் மாற்றவில்லை?" என்றார். "எனக்கு முன்னாலேயே அந்தச் சேலை உள்ளே வந்துவிட்டது" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சிரித்தார்கள், தமிழ். நிறுத்தவே இல்லை. ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதெப்படி இரண்டு பேருக்கும் ஒரே சேலை என்று மேடம் கேட்டார். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அங்கேயே உன் மானம் போயிருக்கும். ஒரே கடையில் எடுத்திருப்போம் என்று சொல்லி விழுங்கிவிட்டேன். ஏன் விழுங்கினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வெளியே காத்திருந்த ஒரு வயதான அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் இன்றைக்கு இல்லை, நாளைக்கு வரணும் என்று சொல்லிப் புரியவைக்கச் சொன்னார்கள். அந்த அம்மா தேனிப் பக்கம் போலிருந்தது. "நாளைக்கு வரணும்னா நா எங்குட்டு தங்குவேன்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, யார் கூட வந்திருக்கிறார்கள், எந்த பஸ், சாப்பிட்டாச்சா என்று கேட்டுப் பேசி முடித்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. போகலாம் என்றார்கள், வந்துவிட்டேன். சிரித்தவர்கள் வேலை கொடுப்பார்களா என்ன?

உன் சேலை என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் எழுது.

லிஜி


கொழிஞ்சாம்பாறை
29 ஜனவரி 2025

லிஜி,

நீ எதிரே நின்றாய் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அந்த டீக்கடையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீ முதல் கடிதத்தில் எழுதினது சரி. அது எனக்கு எடுத்த சேலைதான். எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் பெண்பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி எடுப்பார்கள், ஒருத்திக்கு ஒன்று கூட, ஒருத்திக்கு ஒன்று குறைய என்று சண்டை வரக்கூடாதென்று. எனக்கும் செல்விக்கும் அம்மா ஒரே துணியில் இரண்டு எடுத்தாள். மஞ்சள் வைத்தது அம்மாதான். எனக்கு என்று வைத்தாள். ராசி இல்லாததால் தள்ளிவிடவில்லை. எடுத்ததிலேயே நல்லது அதுதான், அதனால் அனுப்பினேன். பொங்கலன்று, "ஏ அம்மிணி, செல்வி கட்டிட்டு நிக்கறா, உன்ற சீலை எங்க?" என்று கேட்டாள். "தையக்காரன்கிட்டயே இருக்குதுங்கம்மா" என்று புளுகினேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

செல்வி விண்ணப்பித்திருப்பது உனக்கு முதல் கடிதம் எழுதியபோதே தெரியும். சொன்னால் நீ என் சேலையைத் தொட மாட்டாய் என்று மறைத்தேன். அவளை மாந்தளிர் கலர் கட்டச் சொல்லியிருந்தேன். காலையில் கிளம்பும்போது இதைக் கட்டிக்கொண்டு நின்றாள், பொங்கலுக்குக் கட்டிய ராசியாம். பெரியப்பா எதிரில் நின்றுகொண்டு, மாற்று என்று நான் எந்தக் காரணத்தைச் சொல்வேன்? வழியெல்லாம் நீ அந்தச் சேலையைக் கட்டாமல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன். கொசுவத்தை நீவிவிட்டது உண்மை. அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு எழுதிவிட்டேன், மீதியையும் எழுதிவிடுகிறேன். போன பிப்ரவரியில் என் போனில் சார்ஜ் இருந்தது. அறுபத்து மூன்று சதவீதம். அந்த நம்பர் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சுடிதார்தான் போடுவதாக இருந்தேன், அது பொய்யில்லை. காலையில் அம்மா சேலையை எடுத்து நீட்டினாள். பஸ்ஸில் உட்கார்ந்து, 'நான் சேலையில் வருகிறேன், நீயும் உன் சித்தி சேலை ஏதாவது கட்டு' என்று உனக்கு டைப் செய்தேன். அனுப்பவில்லை. ஒரு எழுத்து ஒரு எழுத்தாக அழித்தேன். ஒரே ஒரு வேலைதான் இருந்தது, லிஜி.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தமிழ்


சின்னக்கானல்
6 பிப்ரவரி 2025

தமிழ்,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. படித்துவிட்டு உன்னைக் கண்டபடி திட்டி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை இப்போது அனுப்பவில்லை, காரணம் வேறொன்று வந்துவிட்டது.

நேற்று ஆர்டர் வந்தது. வேலை எனக்கு. மார்ச் 3 திங்கட்கிழமை அடிமாலியில் சேர வேண்டும். அம்மா மஸ்டர் ஆபீஸ் வரை ஓடிப்போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்பட விடமாட்டேன் என்கிறது என் புத்தி.

யோசித்துப் பார். கசங்கின சுடிதார். பையை அணைத்துக்கொண்டு உளறல். மூன்று பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வேலை எப்படி வரும்? உள்ளே ஆள் இருந்தால் வரும். அறுபத்து மூன்று சதவீதத்துக்குப் பரிகாரமாக நீ யார் காலிலாவது விழுந்தாயா? மேடத்திடம் என்னைப் பற்றிச் சொன்னாயா?

சொல்லியிருந்தால் எனக்கு இந்த வேலை வேண்டாம். இது வீம்பு இல்லை. தினமும் காலையில் எழுந்து, இந்த நாற்காலி தமிழ்ப்ரியா போட்டுக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. அதற்கு மலையே மேல். 15ஆம் தேதி சனிக்கிழமை மஸ்டர் ஆபீஸில் பெயர் கொடுக்கக் கடைசி நாள். அதற்குள் உன் பதில் என் கையில் இருக்க வேண்டும். சிபாரிசு செய்தாயா, இல்லையா? எழுது.

லிஜி


கொழிஞ்சாம்பாறை
9 பிப்ரவரி 2025

லிஜி,

இல்லை.

இப்படி ஒரே வார்த்தையில் முடித்துவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் நீ நம்ப மாட்டாய். பெருந்தன்மையாக மறைக்கிறாள் என்பாய், சனிக்கிழமை காலையில் போய் உன் பெயரைக் கொடுத்துவிட்டு வருவாய். என்னைப் பற்றி நல்லதாக எது எழுதினாலும் நீ திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். கெட்டதை எழுதினால் நம்புவாய். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். போன கடிதத்தில் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான்.

போன மாதம் 22ஆம் தேதி மத்தியானம் மேடம் என்னைக் கூப்பிட்டு, மறுநாள் வருகிறவர்களின் பட்டியலைக் காட்டினார். இதில் யாரையாவது தெரியுமா என்றார். அதற்கு முந்தின வாரமே பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, "நீ அங்கயேதான இருக்கற அம்மிணி, நம்ம செல்விக்கு ஒரு வார்த்தை சொல்லிவுட்டா ஆவாதா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். நான் செல்வியின் பெயரைக் காட்டினேன். சொந்தம், நல்ல பெண், நம்பலாம் என்றேன்.

மேடத்தின் விரல் கீழே இறங்கி உன் பெயரில் நின்றது. "இந்தப் பெண்ணும் உங்கள் காலேஜ்தானே, அதே வருஷம்தானே, தெரியாதா?" என்று கேட்டார்.

பெரிய வகுப்பு மேடம், சரியாக ஞாபகம் இல்லை என்றேன்.

மூன்று வருஷம் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளை ஞாபகம் இல்லை என்றேன், லிஜி. தெரியும் என்று சொன்னால், இருவரில் யார் மேல் என்று அடுத்த கேள்வி வரும் என்று பயந்துவிட்டேன். உன்னைத்தான் சொல்ல வேண்டியிருக்கும், அது பெரியப்பா காதுக்குப் போகும் என்று பயம். வீட்டுக்கு வந்து, என் சேலை உன்னிடம் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அதே மேடம் முன்னால் உட்கார்ந்து நீ என் பெயரை விழுங்கியிருக்கிறாய். அதைப் படித்தபோது ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் போய் நின்று அழுதேன்.

ஆகவே இந்த வேலையில் என் பங்கு ஒரு குன்றிமணி அளவுகூட இல்லை. நான் சொன்ன ஆளைத் தள்ளிவிட்டு, எனக்கு ஞாபகம் இல்லாத ஆளை எடுத்திருக்கிறார்கள். செல்விக்கு வரவில்லை. பெரியப்பா என்னோடு பேசுவதில்லை.

இதை ஸ்பீட் போஸ்டில் நாளைக் காலை நானே நின்று போடுகிறேன். பிளீஸ், மஸ்டர் ஆபீஸில் பெயர் கொடுத்துவிடாதே. என்னை என்ன வேண்டுமானாலும் செய். வேலையை விடாதே.

தமிழ்


சின்னக்கானல்
14 பிப்ரவரி 2025

தமிழ்,

கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உன் மற்ற கடிதங்களை ஐந்தாறு தடவை படித்து, வரிக்கு வரி நோண்டியிருக்கிறேன். இதை ஒரு தடவைதான் படித்தேன். நம்பிவிட்டேன்.

அழுதேனா என்று கேட்காதே. அம்மா என்னட்டி என்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றேன். அவளிடம் இதைப் படித்துக் காட்ட மாட்டேன். மந்திரித்த சேலைதான் என்று அவள் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்த நினைப்பிலேயே இருக்கட்டும். நீ செய்ததைக் கேட்பதை விட அதுவே அவளுக்கு மரியாதை.

இன்று காலை மஸ்டர் ஆபீஸுக்குப் போய், எங்கள் வீட்டிலிருந்து ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆபீஸர் "யோசிச்சிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன். திரும்பி வரும்போது கால் தரையில் படவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு உன் நினைப்புதான் வந்தது. அதற்காகவும் உன் மேல் கோபம்.

உன்னை நம்புகிறேன் என்று எழுதினேனே தவிர, மன்னித்தேன் என்று எழுதவில்லை. அதை மாற்றிப் படித்துக்கொள்ளாதே. அது எப்போது வரும் என்றும் எனக்குத் தெரியாது.

அடிமாலியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். பீரோ, கட்டில், அம்மாவின் தையல் மெஷின், முப்பத்து நாலு வருஷத்துச் சாமான் அத்தனையும் லயத்திலிருந்து மெயின் ரோடு வரை இறக்க வேண்டும். லாரி உள்ளே வராது. வீட்டில் நானும் அம்மாவும்தான். பொன்ராஜ் அண்ணனுக்கு முதுகுவலி.

உன்னை வரச் சொல்லவில்லை. மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வருகிறது. அவ்வளவுதான் எழுத இருந்தது.

லிஜி